வயர்லெஸ், கார்ப்பரேட் நெட்வொர்க் இன்ஜினியர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களிலும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் பதினைந்து வருடமாக நெட்வொர்க் வேலை பார்த்து வருகிறேன். அதில் பாதிக் காலம் வயர்லெஸ். கல்லூரி முடிக்கப்போகும் பிள்ளைகள், டெஸ்க்டாப் சப்போர்ட்டிலிருந்து இந்தப் பக்கம் வர நினைக்கும் தம்பி தங்கைகள், மகளை எந்தக் கோர்ஸில் சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோர் எனப் பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை.

நெட்வொர்க் இன்ஜினியர் என்றால் நாள் முழுக்க என்ன வேலை?

காலையில் உட்கார்ந்ததும் இரவு ஷிப்ட்காரர் எழுதிவைத்த குறிப்பைப் படிப்பேன். எந்தக் கிளையின் லிங்க் இரவில் போய் வந்தது, எந்த மாடியில் ஏ.பி. விழுந்தது, எந்த டிக்கெட் இன்னும் மூடாமல் கிடக்கிறது என்று பார்ப்பேன். ஏ.பி. என்பது ஆக்சஸ் பாயின்ட். அலுவலகச் சீலிங்கில் சின்ன விளக்கு எரிய ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த வெள்ளைப் பெட்டி. அப்புறம் புகார்கள் வர ஆரம்பிக்கும். ஒருவருக்கு வி.பி.என். (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி) சேரவில்லை, ஒரு பிரின்டர் காணாமல் போய்விட்டது, கான்ஃபரன்ஸ் ரூமில் வீடியோ உறைகிறது. நடுவில் வெண்டரோடு பேச வேண்டும், புதிய மாடிக்கு, மேசைக் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும், ஃபயர்வாலில் வழி திறக்கச் சொல்லி வரும் வேண்டுகோள்களை எதற்காக என்று விசாரிக்க வேண்டும்.

கருப்புத் திரையில் கட்டளை தட்டுவதுதான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். தட்டும் நேரம் கொஞ்சம்தான். கேட்பது, அளப்பது, வரைபடத்தைத் திருத்துவது, எழுதிவைப்பது என்றுதான் நாளின் பெரும்பகுதி போகும். ஸ்விட்ச்சின் எந்தப் போர்ட் எந்த மேசைக்குப் போகிறது என்று மூன்று வருடத்துக்கு முன் யாரோ பொறுமையாக எழுதிவைத்திருந்தால், இன்று ஒரு மணி நேர வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முகம் தெரியாத அந்த ஆளை நான் பலமுறை வாழ்த்தியிருக்கிறேன்.

வயர்லெஸ் இன்ஜினியரும் நெட்வொர்க் இன்ஜினியரும் வேறு வேறா?

பெரிய நிறுவனங்களில் வேறு வேறு குழு. மற்ற இடங்களில் இரண்டையும் ஒரே ஆள்தான் பார்ப்பார். எப்படியிருந்தாலும் ஸ்விட்ச்சிங், ரவுட்டிங் தெரியாமல் வயர்லெஸ்ஸுக்கு வர வேண்டாம். ஏ.பி.யைத் தாண்டினால் அப்புறம் எல்லாமே கேபிள்தான்.

“வைஃபை சரியில்லை” என்று புகார் வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

இந்த இரண்டு சொல்லை நம்பி உடனே எதையும் தொடமாட்டேன். வயிற்றுவலி என்று வருகிறவரிடம் டாக்டர் எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாரே, அதுபோலக் கேட்பேன். ஒருவருக்கா, எல்லோருக்குமா? எந்த மாடி, எந்த மூலை? எத்தனை மணிக்கு? போனிலும் வரவில்லையா, லேப்டாப்பில் மட்டுமா? எல்லா ஆப்பும் நின்றதா, ஒன்றுதானா? இந்த ஐந்து கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் கிடைத்தாலே பாதித் தூரம் வந்துவிட்டோம்.

அடுத்து, கீழிருந்து மேலாகப் போவேன். கருவி ஏ.பி.யோடு சேர்ந்திருக்கிறதா? ஐ.பி. முகவரி வந்திருக்கிறதா? விண்டோஸ் லேப்டாப்பில் முகவரி 169.254 என்று தொடங்கினால், கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை என்று அர்த்தம். முகவரி சரி என்றால், வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசலான கேட்வேக்கு பிங் (“இருக்கிறாயா?” என்று கேட்கும் சோதனை) போகிறதா? போகிறது என்றால், தளத்தின் பெயரைக் கொடுத்தால் டி.என்.எஸ். அதன் முகவரி எண்ணைத் திருப்பித் தருகிறதா? எல்லாம் சரியாக இருந்து ஒரே ஒரு ஆப் மட்டும் மெதுவாக இருந்தால், வைஃபையை விட்டுவிட்டு அந்த ஆப்பின் சர்வரைப் பார்க்க வேண்டும். என்னிடம் வந்த வைஃபை புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் காற்றில் இருக்கவில்லை.

ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அலுவலகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடும் கூட்டம். வெளியூர்க் கிளைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். காலை பத்து மணிக்கு விருந்தினர் வைஃபை நின்றுவிட்டது. சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, சேர மட்டும் மறுக்கிறது. இரண்டு பேர் ஏ.பி.யை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள். டி.எச்.சி.பி.யைத் திறந்து பார்த்தால், அந்த நெட்வொர்க்கில் மொத்தமே 254 முகவரி, ஒருமுறை கொடுத்ததை எட்டு நாளைக்குத் திரும்ப வாங்காது. போன வாரம் வந்துபோன விருந்தினர்களின் போன்கள் எல்லாம் இன்னும் இடம் பிடித்துக்கொண்டிருந்தன. கெடுவை இரண்டு மணி நேரமாகக் குறைத்து, முகவரிகளை 1,022 ஆக விரித்ததும் கூட்டம் தொடர்ந்தது. ஏ.பி.க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் நெட் மெதுவாக இருக்கிறது. இது எப்படி?

வயர்லெஸ்ஸில் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கேபிளில் உங்கள் லேப்டாப்புக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவில் தனிப்பாதை இருக்கிறது. போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். காற்றில் அப்படிக் கிடையாது. ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காது கொடுத்துக் கேட்டு, யாரும் பேசவில்லை என்று உறுதியான பின்தான் வாய் திறக்கும். காற்றை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்ற கேள்வி 1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் அலோஹாநெட்டை ஓடவிட்டபோதே எழுந்தது. அங்கே நினைத்தபோது அனுப்புவார்கள், மோதினால் மறுபடி அனுப்புவார்கள். வைஃபை கேட்டுவிட்டுப் பேசுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒன்று, குடம் முப்பது. வாய் அகன்ற குடம் அரை நிமிடத்தில் நிறையும். வாய் குறுகிய குடத்தைக் குழாயடியில் வைத்தால் நிறைய ஐந்து நிமிடம் ஆகும், அதுவரை மற்ற எல்லோரும் நிற்க வேண்டும். தூரத்தில் உட்கார்ந்து பலவீனமான சிக்னலில் மெல்லப் பேசும் பழைய லேப்டாப் அந்தக் குறுகிய குடம். ஏ.பி.க்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் உங்களுக்குச் சிக்னல் முழுதாக இருந்தும் வரிசையில் நிற்க வேண்டியிருப்பது அதனால்தான்.

இதில் நாமே செய்யும் கெடுதலும் உண்டு. ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஏ.பி. “நான் இருக்கிறேன்” என்று வினாடிக்குச் சுமார் பத்து முறை அறிவிக்கும், அதையும் அனுமதித்திருக்கும் அடிப்படை வேகங்களில் மிகக் குறைந்ததில் சொல்லும். ஊழியருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, பிரின்டருக்கு ஒன்று, மேலாளருக்கு ஒன்று என்று ஒன்பது பெயர் வைத்திருந்த அலுவலகத்தைப் பார்த்திருக்கிறேன். யாரும் எதுவும் செய்யாதபோதே காற்று நிறைந்திருந்தது. மூன்றாகக் குறைத்து, மிகப் பழைய குறைந்த வேகங்களை அணைத்ததும், ஒரு ரூபாய்க்குக்கூடப் புதிதாக எதுவும் வாங்காமல் புகார் அடங்கியது.

சேனலும் அப்படித்தான். இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 13 சேனல் எண்கள் உண்டு என்றாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒன்றாகப் பயன்படுத்த 1, 6, 11 என்ற மூன்றுதான் தேறும். 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் வேகம் வேண்டும் என்று 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால் ஒரே ஏ.பி. நான்கு சேனலை விழுங்கிவிடும். ஆட்கள் நெருக்கமாக உட்காரும் அலுவலகத்தில் நான் 20 வைப்பேன், மிஞ்சிப்போனால் 40. வேக டெஸ்ட்டில் பெரிய எண் வராது, ஆனால் திங்கட்கிழமைக் காலையில் முந்நூறு பேர் வீடியோ கால் பேசலாம்.

ஏ.பி.யின் பவரைக் கூட்டினால் போதாதா? இன்னும் நாலு ஏ.பி. மாட்டினால்?

கோயில் திருவிழா ஒலிபெருக்கி பக்கத்து ஊர் வரை கேட்கும். நீங்கள் அங்கிருந்து பதில் சொன்னால் கோயிலுக்குக் கேட்குமா? ஏ.பி.யின் பவரைக் கூட்டினால் போனுக்கு நன்றாகக் கேட்கும், போன் சொல்வது ஏ.பி.க்கு எட்டாது. போனின் பவர் குறைவு, அதை நாம் கூட்ட முடியாது.

இன்னொன்றையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எந்த ஏ.பி.யோடு சேர்வது, எப்போது அடுத்ததுக்கு மாறுவது என்ற முடிவைப் போனும் லேப்டாப்பும்தான் எடுக்கின்றன. பவர் எல்லா இடத்திலும் அதிகமாக இருந்தால், லிஃப்ட் பக்கத்து ஏ.பி.யில் சேர்ந்தவர் மாடியின் மறுகோடிக்கு நடந்துபோன பிறகும் போன் அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். ஏ.பி.களை அதிகமாக மாட்டினால் ஒரே சேனலில் பல ஏ.பி.கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு, ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும். ஒரு மாடியில் நான்கு ஏ.பி.யைக் கழற்றிய பிறகு வைஃபை தேறியதை நானே பார்த்திருக்கிறேன்.

சைட் சர்வே என்பது என்ன? கட்டாயம் செய்ய வேண்டுமா?

கட்டட வரைபடத்தில் சரியான அளவு வைத்து, சுவர் எது செங்கல், எது ஜிப்சம், எது கண்ணாடி என்று குறித்து, ஏ.பி.க்களை எங்கே வைத்தால் எப்படிப் பரவும் என்று மென்பொருளில் கணிப்பது முதல் கட்டம். எக்காஹாவ் போன்ற மென்பொருள்கள் இதற்கு இருக்கின்றன. இரண்டாவது கட்டம் நேரில் போவது. ஒரு ஏ.பி.யை உயரமான ஸ்டாண்டில் கட்டி, பேட்டரியில் ஓடவிட்டு, லேப்டாப்பைக் கையில் பிடித்தபடி மூலை மூலையாக நடந்து அளக்க வேண்டும். பொருத்தி முடித்த பிறகு மறுபடியும் ஒருமுறை.

குரல் அழைப்பு அறுபடாமல் இருக்க மைனஸ் 67 டி.பி.எம். என்ற அளவைப் பொதுவாக இலக்காக வைப்போம். டி.பி.எம். என்பது சிக்னல் பலத்தின் அலகு; மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடுகிறது. 100 மில்லிவாட்டில் கிளம்பிய சிக்னல் அந்த அளவில் கைக்கு வரும்போது ஐம்பது கோடியில் ஒரு பங்குதான் மிச்சம். அவ்வளவு சிறிதை வைத்துக்கொண்டு முகம் பார்த்துப் பேசுகிறோம் என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம். கணக்கு எளிது: 3 டெசிபல் கூடினால் இரு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் மட்டும் போதாது, பின்னணி இரைச்சலைவிட அது எவ்வளவு மேலே நிற்கிறது என்பதும் வேண்டும். 25 டெசிபல் இடைவெளி இருந்தால் நிம்மதி.

சர்வே எப்படித் தவறும் என்பதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு கிடங்கு. கட்டி முடித்து ரேக் நிறுத்தியிருந்தார்கள், சரக்கு வரவில்லை. போய் அளந்தேன், எங்கும் மைனஸ் 60-ஐ ஒட்டி வந்தது. மகிழ்ச்சியாக ரிப்போர்ட் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஃபோன்: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரின் ஸ்கேனர் நடுவழியில் அறுந்துபோகிறது. போய்ப் பார்த்தால் கூரை வரை குளிர்பானப் பெட்டிகள். தண்ணீர் இந்த அலைவரிசையை நன்றாகவே உறிஞ்சும், உலோக ரேக் திருப்பியடிக்கும். தரையில் மைனஸ் 80-க்கும் கீழே போயிருந்தது. சரக்கு என்ன, எவ்வளவு உயரம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சந்தின் முனையிலும் அதன் நீளத்துக்குப் பார்த்தபடி திசை ஆன்டெனா வைத்துத்தான் சரிசெய்தோம். அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் “இன்னும் ஆறு மாதத்தில் இங்கே என்ன இருக்கும்?” என்று கேட்காமல் நான் லேப்டாப்பைத் திறப்பதில்லை.

ஐ.டி. கட்டடங்களில் வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுள்ள கண்ணாடி போட்டிருப்பார்கள். பார்வைக்குத் தெளிவாகத் தெரியும், அலைக்கு அது சுவர். லிஃப்ட் குழியும் அப்படியே. மதிய நேரத்தில் பேன்ட்ரி பக்கம் மட்டும் 2.4 தடுமாறினால், மைக்ரோவேவ் அடுப்பைத் தேடுங்கள்.

கேபிள் வேலையெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா? அதற்குத்தான் தனியாக ஆள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், நம்மைவிட நன்றாகவும் செய்வார்கள். ஆனால் அவர்கள் செய்ததைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது தெரிய வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு: தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டிய வரிசை இது. காப்பர் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. சுவருக்குள் ஏறி இறங்கி வளைந்து போகும் தூரத்தையும் சேர்த்துத்தான் அந்த 100.

ஏ.பி.க்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. 2003-ல் வந்த தரத்தில் ஸ்விட்ச் 15.4 வாட் தரும், 2009-ல் 30 வாட், 2018-ல் 90 வாட் வரை. புது ஏ.பி.யைப் பழைய ஸ்விட்ச்சில் மாட்டினால், பவர் போதாமல் ஒரு ரேடியோவை அணைத்துக்கொண்டு அரைகுறையாக ஓடும். விளக்கு பச்சையாகத்தான் எரியும். அதனால் இது வெகுநாள் கண்ணில் படாமலே இருந்துவிடும்.

அலுவலக வைஃபைக்கு நல்ல பாஸ்வேர்டு வைத்தால் போதாதா?

வீட்டுக்குப் போதும். முந்நூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒரே பாஸ்வேர்டு என்றால் அது ரகசியமே இல்லை. வேலையை விட்டுப்போனவர் போனில் அது இருக்கும். அவர் போகும்போதெல்லாம் மாற்ற முடியுமா?

அதனால் ஆளுக்கு ஆள் அடையாளம் கேட்கும் 802.1எக்ஸ் முறையை வைக்கிறோம். பின்னால் ரேடியஸ் சர்வர் உட்கார்ந்து யார், எந்தக் கருவி என்று சரிபார்த்து, அவரவருக்குரிய விலானில் (ஒரே கேபிளுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்கில்) விடும். ஒருவர் விலகினால் அவர் கணக்கை மூடினால் போதும். டபிள்யூ.இ.பி. என்ற முதல் பூட்டு 2001-லேயே உடைக்கப்பட்டது. 2004-ல் டபிள்யூ.பி.ஏ.2, 2018-ல் டபிள்யூ.பி.ஏ.3 என்று பூட்டு மாறி வந்திருக்கிறது.

இந்த முறையில் ஒரு பொறி உண்டு. ரேடியஸ் சர்வரின் டிஜிட்டல் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி இருக்கிறது. அதை யாரும் கவனிக்காவிட்டால் ஒருநாள் காலையில் மொத்த அலுவலகமும் வைஃபைக்கு வெளியே நிற்கும். ஒரு திங்கட்கிழமை அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். தேதியை மூவர் காலண்டரிலாவது போட்டுவையுங்கள், அதில் ஒருவராவது அன்று விடுப்பில் இல்லாமல் இருப்பார்.

ராத்திரி வேலை அதிகமா?

உண்டு. நெட்வொர்க்கில் பெரிய மாற்றம் எதையும் பகலில் செய்ய விடமாட்டார்கள். சனிக்கிழமை இரவு பதினொரு மணி முதல் ஞாயிறு விடிகாலை வரை என்று ஒரு சேஞ்ச் விண்டோ கொடுப்பார்கள். என்ன செய்யப்போகிறோம், எப்படிச் சோதிப்போம், கெட்டுப்போனால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவோம் என்று முன்பே எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். திரும்பும் வழியை எழுதத்தான் பலர் சோம்பல்படுகிறார்கள். நான் அதைத்தான் முதலில் எழுதுவேன்.

ஒரே சொல்லில் எப்படிக் கவிழும் என்று சொல்கிறேன். சிஸ்கோ ஸ்விட்ச்சில், பல விலான்களை ஒன்றாகச் சுமக்கும் ஒரு ட்ரங்க் போர்ட்டில் ஏற்கெனவே பத்து விலான் ஓடுகிறது, பதினோராவதைச் சேர்க்க வேண்டும். கட்டளையில் ‘ஆட்’ என்ற சொல் இருந்தால் சேரும். அதை விட்டுவிட்டால் பழைய பத்தும் போய்ப் புதியது மட்டும் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நான் விட்டேன். ஒரு மாடி முழுக்க இருண்டது. அந்த ஸ்விட்ச்சுக்குப் போகும் பாதையும் அதே ட்ரங்கில் இருந்ததால் நானும் வெளியே தள்ளப்பட்டேன். பைக் எடுத்துக்கொண்டு ராத்திரி ஒன்றரை மணிக்குப் போய், ஸ்விட்ச்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிள் மாட்டித்தான் மீட்டேன்.

அன்று என் சீனியர் அண்ணன் ஒருவர் திட்டவில்லை. “அடுத்த தடவை, கை வைக்கறதுக்கு முன்னாடி ‘ரீலோட் இன் 10’ போட்டுடு” என்றார். பத்து நிமிடம் கழித்து ஸ்விட்ச் தானாக ரீஸ்டார்ட் ஆகும் கட்டளை அது. மாற்றம் நன்றாக வந்தால் ரத்து செய்துவிடலாம். நாம் வெளியே மாட்டிக்கொண்டால், சேமிக்காத மாற்றம் அழிந்து பழையபடி எழுந்துவரும். இன்றும் தூரத்திலிருந்து ஆபத்தான மாற்றம் செய்யும்போது அதைப் போட்ட பிறகுதான் தொடங்குவேன்.

பெரியவர்களுக்கும் இது நடக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கை அறுத்துவிட்டது. டி.என்.எஸ். சர்வர்களுக்குப் போகும் வழி இணையத்திலிருந்தே மறைந்தது. சரிசெய்ய வேண்டிய கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால், ஆட்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியிருந்தது. முக்கியமான இடத்துக்குச் சிம் கார்டு போட்ட தனி மோடம் வழியாக இன்னொரு பாதை வேண்டும் என்று நாங்கள் பட்ஜெட்டில் கேட்பது இதற்காகத்தான்.

ஒரு சின்னக் கேபிள் முழு அலுவலகத்தையும் நிறுத்திவிடும் என்கிறார்களே?

நிறுத்தும். யாரோ மேசையைச் சுத்தம் செய்யும்போது தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் முனையை இன்னொரு போர்ட்டில் செருகிவிடுவார்கள், இரண்டு முனையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்ந்துவிடும். எல்லோருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் சுற்றிச்சுற்றிப் பெருகி ஸ்விட்ச்சைத் திணறடிக்கும். இதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையை 1985-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வடிவமைத்தவர் ராடியா பெர்ல்மன். இந்தத் துறை பெண்களுக்குச் சரிவருமா என்று கேட்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அவருடையது.

எந்தப் படிப்பு படிக்க வேண்டும்? சி.சி.என்.ஏ. இருந்தால் வேலை கிடைக்குமா?

இ.சி.இ., ஐ.டி., பி.சி.ஏ., டிப்ளமோ என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். பட்டம் நேர்காணல் வரை கூட்டிக்கொண்டு போகும். சிஸ்கோவின் சான்றிதழான சி.சி.என்.ஏ.வும் அப்படித்தான். 2020 பிப்ரவரியிலிருந்து அது ஒரே தேர்வு, 120 நிமிடம், சான்றிதழ் மூன்று வருடத்துக்குச் செல்லும். அதற்கான பாடத்திட்டம் நல்ல பாடத்திட்டம், அதை முழுதாகப் படியுங்கள். வயர்லெஸ்ஸில் ஆழமாகப் போக விரும்பினால் அடுத்து சி.டபிள்யூ.என்.ஏ. என்ற சான்றிதழ்; அது எந்தக் கம்பெனிப் பெட்டியையும் சாராமல் அலைகளைப் பற்றியே சொல்லித்தரும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கேள்வித்தாள் டம்ப்பை (கசிந்த கேள்வி-பதில் தொகுப்பை) மனப்பாடம் செய்து தேர்வு எழுதாதீர்கள். நான் நேர்காணல் எடுக்கும்போது சான்றிதழைப் பார்ப்பதில்லை. என் லேப்டாப்பை நீட்டி, “இதுல நெட் வரலை தம்பி, என்ன பார்ப்பீங்க?” என்று கேட்பேன். உடனே பதில் சொல்பவரைவிட, “கேபிளா வைஃபையா சார்? மத்தவங்களுக்கு வருதா?” என்று திருப்பிக் கேட்கும் பிள்ளையைத்தான் எனக்குப் பிடிக்கும். டம்ப் படித்தவர் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார். பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிய பணம் அங்கே வீணாவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

வீட்டிலேயே பழக என்ன வேண்டும்?

ஒரு சுமாரான லேப்டாப். திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் மென்பொருளான பாக்கெட் ட்ரேசர் இலவசம், தொடக்கத்துக்கு அதுவே தாராளம். அப்புறம் அதே வகையில் ஜி.என்.எஸ்.3 அல்லது ஈவ்-என்.ஜி. கையால் தொட்டுப் பழக ஆசை என்றால், சென்னை ரிச்சி தெருவில் பழைய மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்று தேடிப் பாருங்கள். வாங்கும் முன் கடையிலேயே ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

முதல் பயிற்சி இது. நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, லேப்டாப்பின் ஐ.பி. முகவரியை விடுவித்து (விண்டோஸில் ipconfig /release) மறுபடி வாங்குங்கள் (ipconfig /renew). டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என்று நான்கு பாக்கெட்டுகள் கண் முன்னால் ஓடும். புத்தகத்தில் படித்தது உங்கள் வீட்டிலேயே நடப்பதைப் பார்க்கும் அந்த நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சம்பளம் எப்படி?

யார் பெயரில் வேலை பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே ரேக்கின் முன்னால், ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் கம்பெனி ஊழியராகவும் மற்றவர் வெண்டரின் ஒப்பந்த ஆளாகவும் இருப்பார்கள். சம்பளத்தில் பெரிய இடைவெளி இருக்கும். இது எனக்குப் பிடிக்காத நடைமுறை, ஆனால் பரவலாக இருக்கிறது. சேரும் முன் நேராகக் கேளுங்கள்: யாருடைய பே-ரோல்? இரவு ஷிப்டுக்குத் தனிப்படி உண்டா? ஆன்-கால் வாரத்தில் கூப்பிட்டால் மறுநாள் ஓய்வா? நோட்டீஸ் காலம் எத்தனை நாள்? தேர்வுக் கட்டணத்தை நிறுவனம் கொடுக்குமா? கேட்பதால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

வைஃபை கதிர்வீச்சு உடம்புக்குக் கெடுதலா?

ஏ.பி. வெளியிடுவது பெரும்பாலும் 100 மில்லிவாட் அல்லது அதற்கும் கீழே. அயனியாக்கும் வகைக் கதிரும் இல்லை. நான் பயப்படுவது ஏணிக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்குள் போகும் மின்கம்பிக்கும்தான். தனியாக ஏறாதீர்கள்.

வைஃபை 7 வந்துவிட்டது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

அதற்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் பெரும் பலம் 6 ஜிகாஹெர்ட்ஸ். அமெரிக்கா 2020-லேயே அதைத் திறந்துவிட்டது. இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் 2005-ல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கிடைத்தது, 5 ஜிகாஹெர்ட்ஸில் தாராளமாக இடம் 2018-ல் கிடைத்தது, 6-இன் கீழ்ப்பகுதிக்கு 2025 மே மாதம் வரைவு விதிகள் வெளியாயின. எனவே பெட்டி வாங்கும் முன் அன்றைய விதியைப் பாருங்கள். அப்படியே உங்கள் ஸ்விட்ச் எத்தனை வாட் தரும், உங்கள் லேப்டாப்களில் எத்தனை 6 ஜிகாஹெர்ட்ஸ் பேசும் என்றும் எண்ணுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது கையோடு வாங்கிவரும் ஏ.பி.யை அலுவலகத்தில் மாட்ட வேண்டாம். இங்கே விற்கும் வயர்லெஸ் கருவிக்கு மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் வகை ஒப்புதல் வேண்டும், அலைவரிசை விதிகளும் நாட்டுக்கு நாடு மாறும்.

கிளவுட், ஏ.ஐ. எல்லாம் வந்தபின் இந்த வேலை இருக்குமா?

வேலை மாறும். ஏ.பி.களை எல்லாம் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டி சர்வர் ரூமிலிருந்து கிளவுடுக்குப் போய்விட்டது. எந்தக் கருவி எந்தக் கட்டத்தில் சேரமுடியாமல் நின்றது என்று திரையே சொல்கிறது, எனக்கு அது பெரிய உதவி. இருநூறு ஸ்விட்ச்சில் ஒரே மாற்றம் என்றால் இன்று யாரும் ஒவ்வொன்றாக உள்ளே போவதில்லை, பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றோ ஆன்சிபிள் என்ற தானியங்கி மென்பொருளோ செய்துவிடும். அதைக் கற்காமல் இருக்க முடியாது.

கிடங்கில் குளிர்பானப் பெட்டி வரப்போகிறது என்று எந்தத் திரையும் சொல்லாது. அதைப் போய்க் கேட்கும் ஆள் வேண்டும்.

ஒரு கம்பெனிப் பெயரோடு மட்டும் உங்களைக் கட்டிப்போட்டுக்கொள்ளாதீர்கள். ஏ.பி. தயாரிக்கும் அரூபாவை எச்.பி. 2015-ல் வாங்கியது. இன்னொரு வயர்லெஸ் நிறுவனமான மிஸ்ட்டை ஜூனிப்பர் 2019-ல் வாங்கியது. அந்த ஜூனிப்பரையே, எச்.பி.யிலிருந்து பிரிந்த எச்.பி.இ. 2025 ஜூலையில் வாங்கி முடித்தது. பெட்டியின் பெயர் மாறும், டி.எச்.சி.பி.யின் நான்கு பாக்கெட்டுகள் அப்படியே இருக்கின்றன.

வேலைக்குப் போகும்போது பையில் என்ன வைத்திருப்பீர்கள்?

லேப்டாப், கன்சோல் கேபிள் இரண்டு, அதை மாட்ட யு.எஸ்.பி. அடாப்டர். ஒரு மீட்டர், மூன்று மீட்டர் பேட்ச் கார்டுகள். கிரிம்பிங் டூல், பத்துப் பதினைந்து ஆர்.ஜே.45 தலைகள், சின்ன கேபிள் டெஸ்டர். நெற்றியில் கட்டும் டார்ச், ஏனென்றால் ஹப் ரூமில் ரேக்கின் பின்பக்கம் எப்போதும் இருட்டு. லேபிள் ஒட்ட டேப்பும் மார்க்கரும். சர்வர் ரூம் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர். டிசம்பர் மாதம் என்றால் இவற்றையெல்லாம் போட்டுக் கட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. மழைக்காலத்தில் பள்ளிக்கரணை பக்கம் பைக்கில் போகும்போது முதலில் நனைவது கன்சோல் கேபிள்தான்.